தொட்டிகள் வெளுத்த காரணம்

மேரு, கிள்ளான்.

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கடல் நுண்பாசி வளர்க்கிறோம் அல்லவா? போன வாரம் பச்சையாயிருந்த நான்கு தொட்டிகளும் இரண்டே நாளில் வெளுத்துப்போயின. "நீ ஒழுங்கா கழுவல லா. ஊருக்கே அனுப்பிடுவாங்க" என்று மேற்பார்வையாளர் சுகுமாறன் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஐந்து நாள் குளோரின் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று ஆய்வுக்கூடத்து வாணி வந்து, "அண்ணே, சோதனை பண்ணிட்டோம். லோரியில வந்த கடல் தண்ணியிலயே வைரஸ் இருந்திருக்கு. உங்க மேல தப்பில்ல" என்றாள். பயப்படாதே, அது பாசியை மட்டும்தான் கொல்லுமாம். சுகுமாறன் அதைக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த தொட்டிய பாரு" என்று போய்விட்டார்.

உள்ளங்கை கொஞ்சம் உரிகிறது. அடுத்த மாதம் இங்கே வரும் பால்பாண்டியிடம், நீ காய்ச்சும் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பு. கூடவே, நான் ஒழுங்காகக் கழுவாமல் விட்டிருக்க மாட்டேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி வை. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

பூமிநாதன்