பாலிசியில் மூன்றாவது பெயர்

ஜூலை 11, செவ்வாய்

மலர் இல்லை என்று இன்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம்தான்.

புழுக்கம். பள்ளி விட்டதும் பெருநகரிலிருந்து உத்திரமேரூர் பஸ். காரியம்: குடும்ப மருத்துவ பாலிசியின் நகல். எனக்கும் என் கணவருக்கும் தனித்தனி வருமான வரி ரிட்டர்ன். பிரீமியம் ஆளுக்குப் பாதி, ஆளுக்கொரு செக். முழுசையும் இரண்டு பேரும் காட்டக் கூடாதாம். அவரவர் கட்டிய பாதிக்கு ஏஜென்ட்டிடம் சான்று வாங்கி வரச் சொன்னார் ஆடிட்டர். வழக்கமாகக் கணவர்தான் போவார். நான் முதல் முறை.

நகலில் மூன்று பெயர். அவர். நான். மலர்விழி, மகள், வயது 6.

எட்டு மாதக் குழந்தையாகவே போனவள்.

"பாப்பா நல்லா கீதா, டீச்சர்? சார் வந்தா அத்தப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு. இடது கைல எழுதுதாமே" என்றார் ஏஜென்ட்.

"ஆமாம்" என்றேன்.

ஜூலை 12, புதன்

விடைத்தாள் நாற்பது. பாதிகூடத் திருத்தவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் இந்த வீட்டில் அவள் பெயரை அவரும் சொன்னதில்லை, நானும். அங்கே வருடா வருடம் வளர்த்திருக்கிறார். சாப்பிடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இடது கைக்காரர் யாரும் இல்லை.

ஜூலை 14, வெள்ளி

மேகம். மழை இல்லை. மறுபடி ஏஜென்ட். சான்று தயாராக இருக்காது என்று தெரிந்தேதான் போனேன்.

"நாயப் பாத்தா ஒரே ஓட்டமாமே. பிடிவாதம் மட்டும் டீச்சர் மாதிரின்னு சொல்லிச் சிரிப்பாரு சார்."

அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாள்.

புதுப்பிக்கும் படிவம். பாதி என் செக், அதனால் என் கையெழுத்தும் வேண்டும். இத்தனை வருடம் அவர் நீட்டிய இடத்தில் படிக்காமலே போட்டுக் கொடுத்திருக்கிறேன். 'மேற்கண்ட மூவரும் நலமாக உள்ளனர்.' பொய். ஒரு கோடு இழுத்தால் பெயர் போய்விடும். அங்கேயும் செத்துப்போவாள்.

"இன்னா டீச்சர், ரொம்ப யோசிச்சுக்கினு கீறீங்க?"

வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துவந்துவிட்டேன்.

ஜூலை 17, திங்கள்

கோடு இழுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பாதிக்கான சான்று கிடைத்தது. எழுந்தவள், ஏஜென்ட் கேட்காமலே சொன்னேன்: நேற்று பாப்பாவுக்கு முதல் பல் விழுந்தது.



ஜூலை 21, வெள்ளி

சாயங்காலம் அவரும் ஏஜென்ட்டிடம் போய்த் தன் சான்றை வாங்கிவந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"பல்லு வியுந்துச்சாமே."

"ஆமாம்."

"மேலயா, கீழயா?"

"கீழே" என்றேன்.