பந்த் ஆச்சு

அண்ணா,

இன்று காலை புனே சாங்வியில் என் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மகள் கத்தினாள்: "அப்பா, கேஸ் பந்த் ஆச்சு!" எனக்கு "வந்தாச்சு" என்றுதான் கேட்டது. சிலிண்டர்காரர் வந்துவிட்டார் என்று வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. அவள் புனேயில் பிறந்தவள். உங்களுக்குப் போலவே அவளுக்கும் நின்றுபோன எதுவும் 'பந்த்'தான். கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒப்பந்த டெக்னீஷியனாக விமான் நகர் டேட்டா சென்டரில். நான் அலுவலகத்தில், போனும் கையுமாக. சாகண் தொழிற்சாலை ஒன்றின் தகவல் முழுவதையும் வைத்திருந்த ஸ்டோரேஜ் பெட்டியில் இரண்டு கேபிள்களை மாற்ற வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது தாங்கும். அதனால் முதல் போர்ட்டில் புதுக் கேபிளைச் செருகி, இணைப்பு வந்ததை உறுதி செய்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்று நீங்கள் அங்கே பார்க்க வேண்டும்; போர்ட்டின் நிலையை என் திரையில் நான் பார்க்க வேண்டும்.

ஃபேன் இரைச்சலுக்கு நடுவே "சார், பந்த் ஆச்சு" என்றீர்கள். வந்தாச்சு என்று எடுத்துக்கொண்டேன். என் திரையில் பழைய நிலையே பச்சையாக நின்றது. அதை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்ய எனக்குச் சோம்பல்.

"ரெண்டாவதக் கழட்டுங்ணா."

"கழட்டவா சார்? பக்காவா?"

"சொன்னதச் செய்யுங்க."

கழற்றினீர்கள். சாகணில் அரை நாள் உற்பத்தி நின்றது.

மறுநாள் கூட்டத்தில், இணைப்பு வந்துவிட்டதாக நீங்கள் சொன்னீர்கள் என்றேன். "நான் பந்த்னுதான் சார் சொன்னேன்" என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும், புனேயில் நீங்கள் வாழும் கட்கிப் பகுதியின் பேச்சைக் காட்டி, "கட்கித் தமிழ், பாதி புரியாது" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து அந்த ஸ்டோரேஜ் பெட்டி தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தேன். முதல் போர்ட்டில் இணைப்பு ஒரு கணம் வந்து அறுந்திருக்கிறது. நீங்கள் 'பந்த்' என்று சொன்ன அதே நிமிடம். அந்தப் பதிவை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஒப்பந்தக்காரர் உங்களை அடுக்குமாடிகளில் கேமரா மாட்டும் வேலைக்கு அனுப்பினார்.

போன மாதம் நீங்கள் இறந்துவிட்ட செய்தி வந்தது. சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கட்கிக்குத் துக்கம் கேட்க வந்தேன். உங்கள் மனைவி என்னை உட்காரவைத்தார்.

"அந்த மேட்டர் அவரு மனசுல கடசி வரிக்கும் இருந்துச்சி சார். 'நான்தான் வாய் தவறி மாத்திச் சொல்லிட்டேன் போல'ன்னு சொல்லினே இருந்தாரு. அப்பறம் வேலைல தமிழே பேசல, எல்லாம் ஹிந்திதான். 'என் தமிழு சரியில்ல'ன்னுட்டாரு."

வெட்கமாக இருந்தது, அண்ணா. உங்கள் வேலையை மட்டும் நான் கெடுக்கவில்லை. நீங்கள் சொன்னதை நீங்களே நம்பாதபடி செய்துவிட்டேன். "அவர் சரியாகத்தான் சொன்னார்." இந்த ஒரு வரிதான் நான் கொண்டு வந்தது. இன்னமும் அது என்னிடமே இருக்கிறது. எழுந்தேன். உங்கள் மனைவி நிமிர்ந்து பார்த்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.