தீவுப் பல்லிக்கு ஒரு பிடிமானம்

அக்கா,

நீங்கள் போன பிறகு எங்கள் வூட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பேரன் ஓசூரில் இன்ஜினியர் ஆகிவிட்டான். அடுத்தவன் போலீஸ் பரீட்சையில் தேறிவிட்டான். கடைக்குட்டி கபடியில் கப் வாங்கி வந்தாள். உங்கள் செல்லம், என் மூத்த பேத்தி, ஜப்பானில் ஒரு தீவில் ஆராய்ச்சி செய்கிறாள். இன்று காலை பாலக்கோடு மண்டிக்குத் தக்காளியை அடுக்கிக்கொண்டிருந்தபோது போனில் அவள் அனுப்பிய படம் வந்தது. கறுப்பாக, முதுகெல்லாம் முடிச்சு முடிச்சாக ஒரு பிராணி.

அவள் கிளம்பும் முன் உங்களிடம் சொல்ல வந்தது நினைவிருக்கிறதா? தான் ஆராயப்போகும் பிராணி தண்ணீரில் இருக்கும் பல்லி மாதிரி என்றாள். உங்கள் கன்னடத்தில் பல்லிக்கு ஹல்லி.

"ஹல்லியா? எங்க வூட்டுச் செவுத்துலயே நாலு ஓடுது. இதுக்கு எதுக்குடி ப்ளேன்?"

"இது நியூட், அஜ்ஜி. பல்லியே இல்ல. தவளைக்குச் சொந்தம். வளந்தாலும் வாலு போவாது."

"அப்ப உங்க தாத்தன் சாதி" என்றீர்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் வூட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

அங்கே சில தீவுகளை விட்டால் அதற்கு வேறு ஊர் இல்லையாம். காட்டை வெட்டுகிறார்கள், குட்டையைத் தூர்க்கிறார்கள், திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள். இவளுக்கு ஆத்திரமெல்லாம் ரோட்டோரச் சிமெண்ட் கால்வாய் மேல்தான். குட்டையோரம் முட்டையிட நடந்துபோகும்போது அதில் விழுந்தால், சுவர் செங்குத்து. ஏற முடியாமல் காய்ந்து சாகிறது.

எங்களுக்கு அடுத்திருந்த உங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் அணில் விழுந்து செத்துக் கிடந்த அன்று, நீங்கள் ஒரு கோணிச்சாக்கை எடுத்து உள்ளே தொங்கவிட்டீர்கள்.

"மாட்டுக்கு இடைஞ்சலா இருக்குமேக்கா" என்றேன்.

"மாடு அந்தப் பக்கம் குடிக்கட்டும். அணிலுக்கு ஏறத் தெரியும், பிடிக்கத்தான் எடமில்ல."

அன்று முதல் எங்கள் தொட்டியிலும் ஒரு சாக்கு தொங்குகிறது. நைந்துபோனால் வேறு போடுகிறேன்.

இவளும் கூட இருப்பவர்களும் கேட்டுக் கேட்டு, ஓரிடத்தில் கால்வாய்ச் சுவரைச் சரிவாக, சொரசொரப்பாகக் கட்ட வைத்துவிட்டார்கள். இந்த மழைக்கு அது ஏறி வந்தால்தான் மற்ற இடத்திலும் கட்டுவார்களாம். இன்று வந்த படத்தில் அது சரிவின் அடியில்தான் நிற்கிறது.

"ஏறுமான்னு பயமா இருக்குது ஆயா" என்றாள் போனில்.

"அதெல்லாம் ஏறும். மேல வந்து புல்லுல நிக்கறப்ப ஒரு படம் எடு. போன்ல வேண்டாம், பிரிண்ட் போட்டுத் தபால்ல அனுப்பு" என்று சொல்லியிருக்கிறேன். மாலை போட்ட உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டத்தான், அக்கா.