யாரும் சாகாத கதை

மாமா,

இன்று மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்க நின்றபோது, கடைக்காரர் கண்ணாடி மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகச் சட்டைப் பையில் இயர்போனைத் தேடியது. நீங்கள் போய் வருஷம் ஆகப்போகிறது. கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

சிதம்பரத்திலிருந்து டயாலிசிஸுக்கு நீங்கள் கடலூர் வரும் நாட்களில் துணைக்கு உட்காருவது என் வேலை. ஆளுக்கு ஒரு காதில் இயர்போன், நடுவில் என் போன், அதில் அந்தப் பழைய துப்பறியும் தொடர். எல்லா எபிசோடும் நமக்கு மனப்பாடம். "கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிருக்கணும் மச்சான். அப்பதான் பயமில்லாம பாக்கலாம்" என்பீர்கள். எனக்கு முதலில் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. போதாக்குறைக்கு, ஊசி போட வரும் நர்சுக்கும் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிடுவீர்கள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" ஒன்றுதான் பதில். அதனால் நான் "இன்னைக்கு எதப் போட?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். முந்திரித்தோப்புக் கொலை என்றால் யார் மேலோ கோபம். கடைசியில் காண்ட்ராக்டருக்கு இன்ஸ்பெக்டர் விடும் அறைக்காகவே அதைப் பார்ப்பீர்கள். மாப்பிள்ளை காணாமல் போகும் கதை என்றால் உடம்பு தேவலை, வாய் ஓயாது. தொலைந்த நகை அரிசி டிரம்முக்குள் கிடைக்குமே, அதைக் கேட்டால் வலி தாங்கவில்லை என்று அர்த்தம். "யாரும் சாகாதத போடு மச்சான்" என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள். கடைசி மாதங்களில் அதையேதான் பார்த்தோம். "ஒங்கக்காகிட்ட சொல்லாத" என்றீர்கள். நானும் சொல்லவில்லை.

போன ஞாயிறு சிதம்பரம் போயிருந்தேன். அக்கா காபியை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "வலிக்குதுன்னு உங்கிட்டயாவது சொன்னாராடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்ததை அவளிடம் மறைத்தீர்கள் என்றாகிவிடும். அவள் மனசு விட்டுப்போகுமோ என்று பயந்தேன். போனை எடுத்து நகைக் கதையைப் போட்டேன். "ரொம்ப முடியாத அன்னைக்கு மாமா இதத்தான் பாப்பாருக்கா" என்றேன்.

முழுசாகப் பார்த்தாள். டிரம்மைக் கவிழ்க்கும் இடத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் தெரியும்டா. முடியாத அன்னைக்கெல்லாம் சாப்பிட வந்து உக்காந்ததுமே 'கொழம்பு பிரமாதம்'னுவாரு. தட்டுல கையே வச்சிருக்க மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னா மனுஷன் ஒடஞ்சிடுவாருன்னு, நானும் 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா'ம்பேன்."

உங்கள் காரியம் அன்றுகூட என் முன்னால் அழாதவள், மாமா. போன ஞாயிறு அழுதாள். நானும் அழுதேன். உங்கள் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வாயால் கேட்காமல் ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் உங்களால் எனக்கு வந்தது. இனி ஞாயிறுதோறும் போய் அக்கா பக்கத்தில் உட்காருவேன். எந்தக் கதை என்பதை அவளே சொல்லட்டும்.