படத்துக்கு அசையாத பிள்ளை

காஜா பேராங், மலாக்கா
12.11.1957

அன்புள்ள அத்தானுக்கு, கமலவேணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். ‘நாங்கள் நலம்’ என்று எழுதத்தான் ஆசை. வயிற்றில் எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி எழுதுவது? பகாங் தோட்டத்தில் மழையில் காவல் நிற்கிறீர்கள், காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

கம்போங் செட்டி கிராமத்து மருத்துவச்சி வடிவாம்பாள் போன மாதம் வயிற்றைத் தடவிவிட்டு, மலாயில் டுவா என்று இரண்டு விரலைக் காட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸ் குழல் வைத்துக் கேட்டு, ஒரு துடிப்புதான் என்றார். இந்த வழக்கைத் தீர்க்க டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அசையாமல் மூச்சை அடக்கச் சொன்னார்கள், அடக்கினேன். உங்கள் மேல் கோபம் வந்தால் வாயை அடக்குவேனே, அதைவிட நன்றாகவே அடக்கினேன்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு தலை வரைந்து வைத்தது போலத் தெளிவு. பக்கத்தில் கலங்கலாக இன்னொரு நிழல். அது இரண்டாவது பிள்ளையாக இருக்கலாம், நான் அசைந்ததால் விழுந்ததாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தெளிவாகத் தெரிகிற பிள்ளையை நினைத்துச் சந்தோஷமாக இருக்கச் சொன்னார். அடுத்த வாரம் வியாழன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆபரேஷன் என்றால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மெர்டேக்கா சுதந்திர நாளன்று ஸ்டுடியோவில் எடுத்த நம் படம் கண்ணில் பட்டது. நாம் இருவரும் சிலையாக நிற்கிறோம். துள்ளிக்கொண்டே இருந்த அண்ணன் மகள் சீதா மட்டும் முகம் தெரியாமல் புகையாக விழுந்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுக்கும்போது நான் அசையவே இல்லை அத்தான். அப்படியானால் கலங்கி விழுந்தது உள்ளே அசைந்த பிள்ளை. தெளிவாக விழுந்த பிள்ளை ஏன் அசையவில்லை?

தூங்கியிருக்கும் என்கிறார் அண்ணி. இருக்கலாம். ஆனால் வலப்பக்கம்தான் உதை விழுகிறது. இடப்பக்கம் கை வைத்தால், அன்று அடக்கச் சொன்ன மூச்சை யாரோ இன்னும் விடாமல் வைத்திருப்பது போல இருக்கிறது. பயமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

எப்படியாவது லீவு கேட்டு அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் வந்து சேருங்கள். காளியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நாம் வைத்திருப்பது சேதுபதி என்று ஒரே பெயர். அது உதைக்கிற பிள்ளைக்கு இருக்கட்டும். மற்றதற்கும் ஒரு பெயர் யோசித்து வாருங்கள். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கமலவேணி