பெயின்டுக்கு அடியில் மூன்று புள்ளி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ "அக்கா" என்று ஆரம்பித்தால் நான் பாதியில் இளகிவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் மாமாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. ஆனாலும் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவள் பரீட்சை எழுதிவிட்டாள். நன்றாக எழுதினேன் என்கிறாள், கேள்வித்தாளைத்தான் காட்ட மாட்டேன் என்கிறாள்.

லாரி நடுவில் மறுபடியும் ஒருமுறை நின்றுவிட்டது. உன் மாமாவின் தம்பி சின்னவர் சாவியை வைத்துவிட்டுப் போய் அப்போது இருபது நாள் ஆகியிருந்தது. கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து அனுப்பினேன். குவாரியிலிருந்து ஏறும் அதே மேடு, அதே ஜல்லி லோடு. பாதி ஏறியதும் வண்டி திணறித் திணறி அணைந்துபோனது. டீசலைத் திருடி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று நாம் முடிவு கட்டிய ஆள்தான் வீட்டைவிட்டே போய்விட்டாரே, இப்போது யார் கலக்கிறார்கள்? இதை எனக்கு நானே கேட்டுக்கொள்ள இருபது நாள் ஆனது. அந்த வெட்கம் என்னுடையது. மீதி உன்னுடையது.

உன் மெக்கானிக் ஷெட்டில் ஏழு வருடம் டார்ச் பிடித்தவள் நான், அது மறந்துபோனதா உனக்கு? டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினேன். என் கையால் வாங்கி வந்த சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்ப்புக்குக் குழாய் கொடுத்தேன். அப்படியும் மேட்டில் அதே திணறல்தான். பிறகு பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயைப் பிடுங்கிப் பாட்டிலில் விட்டு, டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பாட்டில் நிறைந்து வழிய வேண்டிய நேரத்துக்குக் கால் பாட்டில்கூட வரவில்லை. டீசலில் எந்தக் குற்றமும் இல்லை. அதை இழுத்துத் தள்ள வேண்டிய பம்ப்புக்குத்தான் சீவன் இல்லை.

பழையது பழுதானதால் அந்தப் பம்ப்பை நீ வெளியூருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மாட்டினாய். "புதுசு மாட்டியிருக்கேன் அக்கா, அதுல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க"ன்னு சொன்னாய். நானும் கோயில் சிலை மாதிரி அதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

கழற்றி டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்புப் பெயின்ட் உரிந்து வந்தது. அடியில் மூன்று புள்ளி.

உனக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கழித்துப் போட்ட பம்ப் எந்தக் கடையிலும் புதிதாகி யார் தலையிலும் விழக் கூடாது என்று மூன்று புள்ளி குத்திவைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நீ. குத்துவது என் வேலை. இந்தப் பம்ப்பில் மூன்றாவது புள்ளி தள்ளி விழுந்ததற்கு, "அக்காவுக்குக் கண்ணாடி வாங்கணும்"னு நீ கிண்டல் செய்தாய். போன வருடம் பால் வண்டியிலிருந்து கழற்றியது. உள்ளே தேய்ந்துபோய்விட்டது, எடைக்குப் போட்டுவிடு என்று சொன்னதும் நீதான்.

ஏன் செய்தாய் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் உன் அலமாரியில், பழைய சட்டைக்குள் சுற்றி, பிரிக்காத பெட்டியோடு ஒரு புதுப் பம்ப் கிடைத்தது. இரண்டு போல்ட் வைத்தது. நம் இன்ஜினுக்கு மூன்று போல்ட். மாற்றி வாங்கிவிட்டாய், அவ்வளவுதானே? ஊரில் எல்லாருடைய தப்பையும் கண்டுபிடிக்கிறவன் தப்பான பம்ப் வாங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, அதுவும் கிளம்புகிற நேரத்தில். "மாத்தி வாங்கிட்டேன் அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன். வேறென்ன செய்திருப்பேன்?

புதுப் பம்ப் வாங்க நானே போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர அனுப்புங்கம்மா, இதெல்லாம் பார்த்து வாங்கணும்"னார். பார்த்து வாங்கத் தெரிந்த ஆம்பளையை அனுப்பித்தான் இந்த நிலைமை என்று சொல்லிவிட்டேன். கரண்ட்டில் ஓடுகிற பம்ப்பைக் காட்டி, மாட்டுவது சுலபம் என்றார். அது தள்ளுகிற வேகம் நம் பழைய இன்ஜினுக்கு ஆகாது, ஒயர் வேறு இழுக்க வேண்டும். ரிப்பேர் செய்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தேன். உன் புண்ணியத்தில் இனி ஆயுசு முழுக்க அப்படித்தான் பார்ப்பேன். கடைசியில் நம்முடையதைப் போலவே உள்ளதை, பழைய பம்ப்பைப் பக்கத்தில் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்டு வாங்கினேன். செம்பு வாஷர், கேஸ்கட் எல்லாம் புதிது. ஃபில்டரையும் மாற்றினேன். கையால் பம்ப் அடித்துக் காற்றையெல்லாம் வெளியேற்றுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போனது. லாரி இப்போது அந்த மேட்டில் லோடோடு நிற்காமல் ஏறுகிறது.

பம்ப் விஷயம் இத்தோடு போகட்டும். அதற்காக நான் எழுதவில்லை.

அன்றைக்கு எல்லாரையும் வைத்துக்கொண்டு உனக்குப் போன் போட்டேனே, அதற்காக எழுதுகிறேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். சின்னவர் எதிரே நின்றிருந்தார். நீ, "பம்ப் புதுசு அக்கா, டீசல்லதான் கோளாறு. யாரு ஊத்துறாங்கன்னு பாருங்க"ன்னு சொன்னாய். எங்கே கோளாறு என்று தெரிந்துகொண்டே சொன்னாய். பதினோரு வருடம் நம் லாரியை ஓட்டியவர், உன் மாமாவின் கூடப்பிறந்தவர், "நான் கலந்தேன்னு நம்புறீங்களா அண்ணி"ன்னு கேட்டார். "என் தம்பி பொய் சொல்ல மாட்டான்"னு நான் சொன்னேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உன் மாமா அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். அவர் தம்பியை நான் திருடன் என்றேன், என் தம்பியை நம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவரைப் போய்ப் பார்த்தேன். ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார். திருட்டுப் பட்டம் வாங்கியவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? தூசியைத் தட்டிவிட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்க மேல கோபம் இல்ல அண்ணி. ஆனா போன்ல சொன்னது அவன். எல்லாரும் கேட்டாங்க. அவனே ஒரு தடவ சொல்லட்டும், வர்றேன்"னார். நியாயமாகத்தான் பட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அதே மேசைமேல் வைக்கிறேன். நீ கூப்பிடு. சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்.

குளிருக்கு நல்ல போர்வையாக வாங்கிக்கொள். பட்டினி கிடக்காதே. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதை இப்போதும் மனசாரத்தான் சொல்கிறேன். ஆனால் முதலில் அவரிடம் பேசு. அதுவரை என்னை அக்கா என்று கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா