திறக்காமல் திரும்பி வந்த மாவு டப்பா

அன்பு மகனுக்கு, அம்மாவும் அப்பாவும் ஆசையோடு எழுதுவது. நாங்கள் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் படிப்பும் கெடாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். உன் கடிதம் வந்தது. மெஸ் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, வெளியே சாப்பிட்டுக் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது, இப்படியே போனால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய், படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியெல்லாம் நினைக்காதே. அப்பா ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார், அடுத்த மாதத்திலிருந்து கூடுதலாக அனுப்புவார், உதவித்தொகை வரும்வரை அரை வயிறாக இருக்காதே. டப்பா காலியாக வந்ததைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது, நான் சொன்னபடியே மாவை அடிவரை சாப்பிட்டிருக்கிறாய், அடியில் இருந்ததும் பிடித்திருந்ததா என்று ஒரு வரி எழுது. அப்பாவின் கை வலி தேவலை. தங்கை நன்றாகப் படிக்கிறாள். வீட்டில் ஒரு குறையும் இல்லை.

அண்ணா, இதுவரைக்கும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எப்போதும் அப்படித்தான், அது உனக்கும் தெரியும். அப்பா ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் போகும்போது போட்டுவிடு என்று சொல்லிப் படுத்துவிட்டார். தாளில் இடமில்லை, ஆசீர்வாத வரிகளை வேறு தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாள்தான் இது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டின் மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். அப்பா இருமும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி எழுதுகிறேன். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது, அதனால் யோசிக்காமல் எழுதுகிறேன்.

அப்பா செய்திருக்கிற ஏற்பாடு நான்தான். கீழ்வீட்டு அத்தை, அதுதான் நீ சோப்பு அத்தை என்று பெயர் வைத்தாயே, அவள் வேலை பார்க்கும் சோப்புப் பட்டறையில் மாதம் பிறந்தால் புதிதாக ஆள் எடுக்கிறார்களாம், என்னைச் சேர்த்துவிடுவதாக மேஸ்திரியிடம் பேசி முடித்துவிட்டாள். கட்டியைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும், நின்றுகொண்டே. கை எப்பவும் வாசனையா இருக்கும்டி, பரீட்சை எழுதினா கை வாசனையாவா இருக்கும் என்று சொல்லிச் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை, உடனே பாரு மூஞ்சிய, கலெக்டர் வேலையைப் பிடுங்கிட்ட மாதிரி வச்சிருக்கா என்றாள். அப்பாவும் சிரித்தார். பரீட்சைக்கு அப்புறம் போகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். அண்ணன் வயித்தை உன் பரீட்சை வரைக்கும் மூட்டை கட்டி வைக்கச் சொல்றியா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் இறங்கி, எனக்கு மட்டும் ஆசையா, கை சரியா இருந்தா நான் மூட்டை தூக்கியே ரெண்டு பேரையும் படிக்க வச்சிருவேன், அவன் பணம் வேணாம்னு ஒரு வரி எழுதட்டும், நான் ஏன் உன்னை அனுப்பப் போறேன் என்றார். இதை மறக்காதே அண்ணா, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் தங்கை நன்றாகப் படிக்கிறாள் என்று என் கையாலேயே என்னை எழுத வைத்தாள் அம்மா. ஏன்மா என்று கேட்டேன். இங்க இருக்கிறது அங்க தெரியக் கூடாது, அவன் மனசு கலையும் என்றாள். என் மனசு எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா எப்படிச் சம்மதித்தாள் என்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை. நீ முதல் தடவை கூடுதல் பணம் கேட்டபோது, படிக்கப் போனவனுக்கு நாக்கு ஏன் இவ்வளவு நீளுது என்று அப்பா கையை விரித்துவிட்டார். அப்போதுதான் அம்மா சத்துமாவுக்கு வறுத்து அரைத்து டப்பாவில் அழுத்தி அனுப்பினாள், அடிவரை சாப்பிடச் சொல்லி எழுது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நீயோ மறுபடியும் பணம் கேட்டு எழுதினாய். அதைப் படித்துக் காட்டிய அன்று அவள் சோப்பு அத்தையிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அனுப்பினதும் பத்தலைன்னா புள்ள எவ்வளவு பட்டினியா கிடக்கிறானோ, இவளை அனுப்பினா அனுப்பிட்டுப் போறேன் என்றாள். எதை அனுப்பினாள் என்று எனக்கு அப்போது தெரியாது. மாவைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

டப்பா வந்தபோது அம்மா பொத்தான் தைத்த சட்டைகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். உன் சிநேகிதன் படியிலேயே நின்று பையைக் கொடுத்துவிட்டுப் போனான். நீ அனுப்பிய அழுக்குச் சட்டைகளுக்கு நடுவில் டப்பா கனமாக இருந்தது. அம்மா மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் அவள் பல்லால் கடித்துக் கிழித்த இடம்கூட மாறாமல் அப்படியே இருந்தது. நீ ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நான் டேப்பைக் கிழித்துத் திறந்தபோது உள்ளே வண்டு விழுந்திருந்தது. அம்மா பார்ப்பதற்குள் சலித்து எடுத்துவிடலாம் என்று முறத்தில் கொட்டினேன், அடியிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்தது. எல்லாம் பணம். அப்பாவுக்குத் தெரியாமல் அவள் தைத்துச் சேர்த்தது. அவள் விரல் நுனி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நான் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

நீ ஒரே ஒரு நாள் பசிக்கு அந்த மாவைக் கரைத்துக் குடித்திருந்தால் போதும். கரண்டி பொட்டலத்தில் இடித்திருக்கும். நீ இரண்டாவது கடிதம் எழுதியிருக்க மாட்டாய், அம்மா சம்மதித்திருக்க மாட்டாள், சோப்பு அத்தை என்னைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள். பட்டினி என்று எழுதுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாவைத் திறக்கவில்லை என்றால் அது என்ன பட்டினி அண்ணா. உன் சட்டைகளைத் துவைத்ததும் நான்தான். பருப்புக் கறை மஞ்சளாக இருக்கும், சோப்புப் போட்டால் முதலில் சிவக்கும். உன் சட்டைக் கைகளில் இருந்தது எண்ணெய், வறுத்த கோழி வாசனை முறுக்கிப் பிழிந்த பிறகும் போகவில்லை. நீ கோழி தின்னக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் சோப்புச் சுற்றித்தான் நீ தின்ன வேண்டுமா என்று கேட்கிறேன்.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அம்மா வந்து அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புள்ள வழிச்சுத் தின்னிருக்கான் பாரு என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்ல நீயும் வாயைத் திறந்திருக்க மாட்டாய். மாவு என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. மத்தியானம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஏலக்காய்கூடப் போட்டிருக்கிறாள், நமக்கு வீட்டில் செய்யும்போது அவள் ஏலக்காய் போட்டதே இல்லை.

இப்போது எழுதப் போவதைத்தான் எழுதப் பயமாக இருக்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்ட இன்றுதான் கடைசி நாள். நான் கட்டிவிட்டேன், அந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்து. அம்மாவிடம் பணத்தைக் கொடுத்திருந்தால் அது மறுபடியும் உனக்குத்தான் வந்திருக்கும். டீச்சர் வீட்டில் கொடுத்தார்களா என்று கேட்டார்கள், அண்ணன் கொடுத்தான் என்று சொன்னேன். மிச்சப் பணத்தை இந்தத் தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். உன் உதவித்தொகை வருகிற வரைக்கும் அது போதும். போதாது என்று உடனே கையை விரிக்காதே, நான் சொல்வதைக் கேள், நம் வீட்டு அடுப்பை இப்போது பார்த்துக்கொள்வது நான்தான்.

உங்கள் அறையில் டீ போட ஒரு கரண்ட் அடுப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது போதும், மூடியோடு ஒரு பாத்திரம் மட்டும் வாங்கு, கனமான அடியாகப் பார்த்து வாங்கு, மெல்லிசு வாங்கினால் அடிபிடித்துப் பாதி வீணாகும். உன் அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு அரிசியும் பருப்பும் மொத்தமாக வாங்குங்கள், சில்லறையாக வாங்கினால் பொட்டலத் தாளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். உடைந்த அரிசி வாங்கு, வயிற்றுக்குள் போனால் முழுசும் உடைசலும் ஒன்றுதான், சீக்கிரமும் வேகும். காய்கறியைக் காலையில் வாங்காதே, கடை கட்டுகிற நேரத்தில் போ, அடிபட்டதையும் வதங்கினதையும் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள், கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் மீதி நல்லதுதான். பசியோடு மட்டும் கடைக்குப் போகாதே, கண்டதையெல்லாம் கை எடுக்கும். அரிசி, பருப்பு, வெட்டின காய், உப்பு, மஞ்சள், ஒரு வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குழைய வேகவிட்டால் அதுவே சோறு, அதுவே குழம்பு. பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதே, அது நாங்கள் செய்கிற வேலை, தின்ற கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். கடலையோ பயறோ ஏதாவது ஒன்றைப் படுக்கும்போது ஊறப்போடு, காலையில் வேகவைத்துக் கொஞ்சம் வெங்காயம் அரிந்து போட்டுச் சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். தோல் கறுத்த வாழைப்பழம் மலிவாகக் கிடைக்கும், அதுதான் இனிப்பாகவும் இருக்கும். தினமும் ஒரு முட்டை சாப்பிடு, அதில் மட்டும் கணக்குப் பார்க்காதே. உப்புப் போட்ட பிறகு ருசி பார், போடுவதற்கு முன்னால் ருசி பார்த்துவிட்டு மெஸ் சாப்பாட்டைத் திட்டுகிற மாதிரி திட்டாதே. கோழி வேண்டுமென்றால் உதவித்தொகை வந்த அன்றைக்குச் சாப்பிடு, யாரும் கேட்கப் போவதில்லை.

முட்டை என்றதும் நினைவு வருகிறது. அம்மா ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுத்தால் நீ அவளுடைய பொத்தான் நூலைச் சுற்றி இழுத்து இரண்டாக அறுப்பாய். அறுத்தவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று நீதான் சட்டம் போட்டாய். அப்புறம் நான் எப்போதும் மஞ்சள் பெரிதாக இருக்கிற பாதியை எடுப்பேன், நீ போடி கள்ளி என்று தலையில் தட்டிவிட்டு மற்றதைத் தின்பாய், ஒரு தடவைகூடச் சட்டத்தை மாற்றவில்லை. இந்தத் தடவை நானே அறுத்தேன், நானே முதலில் எடுத்துக்கொண்டேன். பெரிய பாதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீ திருடி என்று சொன்னாலும் சொல்லிக்கொள். திருப்பித் தரமாட்டேன்.

இனி உன் கையில்தான் இருக்கிறது. நீ வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், மாதம் பிறப்பதற்குள் அது இங்கே வந்து சேர வேண்டும். அப்பாவுக்குப் பணம் வேண்டாம், நானே சமைத்துக்கொள்கிறேன் என்று எழுது. அம்மாவுக்கு மாவை அடிவரை சாப்பிட்டேன், அடியில் இருந்ததும் பிடித்திருந்தது என்று எழுது. வேறு எதுவும் சேர்க்காதே. மன்னிப்புக் கேட்டு எனக்குத் தனியாக எழுதாதே, வருகிற கடிதங்களை அப்பா முன்னால்தான் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். நீ எழுதவில்லை என்றால் கட்டணம் கட்டிய பரீட்சைக்குப் போகாமல் நான் பட்டறைக்குப் போவேன், பணம் எங்கே போனது என்று அம்மாவுக்கு ஒரு நாள் தெரியும், டப்பாவை நீ திறக்கவில்லை என்பதும் அப்போது தெரியும். அவளுக்கு எது அதிகம் வலிக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அப்பா எழுந்துவிட்டார், குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போய்விட்டார். இருட்டில் எழுதியதால் மேலே இருக்கிற வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், பார்த்துப் படி. அம்மா சொன்ன கடைசி வரிகளை எழுதிவிட்டு ஒட்டிவிடுகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாகப் படித்து முடித்து, நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழ வேண்டும் மகனே. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. சாப்பிட மட்டும் மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா.

எழுதியது தங்கை. இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. டப்பாவை மறுபடி அனுப்ப வேண்டும் என்று அம்மா சாயங்காலமே மாவுக்கு வறுக்க ஆரம்பித்துவிட்டாள், இந்தத் தடவை திற.